ஏலச்சீட்டும் அதன் பதிவும்



வங்கியின் வாயிலை மிதித்தறியாத குடும்பங்கள் பல, சீட்டுக் கட்டியே தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கின்றன. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், கட்டணம் செலுத்தத் தவணை கேட்டு வரும் தாய்மார்கள், “அடுத்த மாதம் சீட்டு எடுக்கிறேன் ஐயா, கட்டிவிடுகிறேன்” என்று கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அச்சொல் தவறியதில்லை. தவறிய சில வேளைகளிலும் குற்றம் அவர்களுடையதாக இருந்ததில்லை.

சீட்டு நடைபெறும் முறையை ஒரு கணக்கின் வாயிலாகக் காண்போம். 25 பேர் சேர்ந்து மாதம் 4,000 ரூபாய் வீதம் கட்டுகின்றனர். சீட்டுத் தொகை ஒரு லட்சம். மூன்றாம் மாதம் ஒருவருக்குப் பணம் உடனே வேண்டும். அவர் 20,000 ரூபாயைத் தள்ளிக் கேட்டு ஏலம் எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 80,000. தள்ளிய தொகையில் நடத்துபவரின் தரகு 7,000 போக, எஞ்சிய 13,000 ரூபாய் 25 பேருக்கும் பங்கிடப்படுகிறது. தலைக்கு 520 ரூபாய். இதனையே பேச்சு வழக்கில் கசர் என்கிறோம். ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,480 ரூபாய்தான்.

இக்கணக்கில் கடன் கொடுப்பவர் யார்? சீட்டு நடத்துபவர் அல்லர். மகளின் திருமணத்திற்காகக் கடைசி மாதம் வரை காத்திருக்கும் அந்த அம்மையாரே கடன் கொடுப்பவர். முன்னதாக எடுத்தவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். இவரோ மாதந்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இருபதாம் மாதத்தில் நடத்துபவர் ஊரைவிட்டு ஓடினால் இழப்பின் பெரும்பகுதி யார் தலையில் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகையோரைக் காக்கவே சட்டம் பிறந்தது. நம் மாநிலம் 1961ஆம் ஆண்டிலேயே சீட்டுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பின்னர் 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வந்தது. 1984 முதல் இங்கும் அதுவே நடைமுறையில் உள்ளது. அதன்படி, பதிவாளரின் முன் அனுமதி பெறாமல் சீட்டுத் தொடங்குதல் கூடாது. மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு. சீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தை வங்கியில் பிணையமாகக் கட்ட வேண்டும். அல்லது அதனினும் மதிப்பு மிகுந்த அரசுக் கடன் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டும். இவை நிறைவேறிய பின்னர், தொடக்கச் சான்றிதழ் பெற்றே ஏலத்தைத் தொடங்கலாம். நடத்துபவரின் தரகுக்கும் வரம்பு உண்டு. நூற்றுக்கு ஐந்து என்றிருந்த அவ்வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழாயிற்று.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு என்பது சீட்டுக்கு, கடைக்கு அன்று. ஒரே நிறுவனம் பத்துச் சீட்டுகள் நடத்தினால் பத்துக்கும் தனித்தனியே அனுமதியும் பதிவும் வேண்டும். ஒருமுறை, பணத்தை இழந்த தாய் ஒருவர், அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் நகலை என்னிடம் காட்டி, “அரசாங்க முத்திரை இருக்கிறதே, ஐயா” என்றார். வாங்கிப் படித்துப் பார்த்தேன். அது அந்தக் கம்பெனி தோற்றுவிக்கப்பட்டதற்கான சான்றிதழ். இப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அவர் கட்டிய சீட்டுக்கோ பதிவே இல்லை. கம்பெனிப் பதிவு வேறு. வணிக வரிப் பதிவு வேறு. சீட்டுப் பதிவு வேறு. முத்திரைகள் ஒன்றுபோல் தோன்றுவதால் எளிய மக்கள் மயங்குவது வியப்பன்று. அம்மயக்கத்தையே மூலதனமாகக் கொள்வோர் உள்ளனர் என்பதுதான் கொடுமை.

பதிவு பெற்ற சீட்டில் அச்சமே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நம் கணக்கையே மீண்டும் பாருங்கள். பிணையம் ஒரு லட்சம். 25 மாதங்களில் புரளும் சீட்டுத் தொகையோ 25 லட்சம். பிணையத்தால் எல்லா இழப்பையும் ஈடுசெய்ய இயலாது. ஆயினும் பதிவு பெற்ற சீட்டில், பணம் கட்டியவர் சென்று கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. தகராறு எழுந்தால் பதிவாளரே விசாரித்துத் தீர்ப்பளிப்பார். பதிவில்லாத சீட்டில் நாணயமான மனிதரிடம் கட்டியவருக்கு அவருடைய நாணயம் ஒன்றே பிணை. தெருவில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துச் சீட்டு நடத்தும் அம்மையாரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நோயில் விழுந்தாலோ, எடுத்தவர்கள் கட்டத் தவறினாலோ, அந்த நாணயத்தைக் கொண்டு என்ன செய்வது?

தீபாவளிச் சீட்டு என்னும் பெயரில் ஆண்டு முழுவதும் பணம் வாங்கிப் பண்டிகைக்குப் பொருள் தருவதாகச் சொல்வது, இச்சட்டம் கூறும் சீட்டு அன்று. வாங்கிய வைப்புத் தொகையைத் திருப்பித் தராதவர்களின் சொத்தை முடக்க 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது தனிப் பேச்சுக்குரியது.

உங்கள் வீட்டில் யாரேனும் சீட்டில் சேர எண்ணினால், படித்த பிள்ளையாகிய நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பொதுமக்களை அழைக்கும் துண்டு அறிக்கையில் முன் அனுமதியின் விவரம் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அது இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் படியைக் கேட்டு வாங்கி, வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஏலத்தின்போது குறைந்தது இரண்டு சந்தாதாரர்களாவது உடனிருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பின் படி 21 நாட்களுக்குள் பதிவாளருக்குச் சென்றாக வேண்டும். இன்னும் சீட்டு எடுக்காதவர்க்கு மற்றோர் உரிமையும் உண்டு; இதனை அறிந்தவர் மிகச் சிலரே. முன்னர் எடுத்தவர்கள் கொடுத்த ஈட்டுப் பத்திரங்களை, ஏல நாளன்று சிறு கட்டணம் செலுத்தி அவர் கேட்டுப் பார்க்கலாம். கடைசி மாதத்திற்காகக் காத்திருக்கும் தாய்க்கு அக்காகிதங்களைப் படிக்கத் தெரியாவிடில், அன்றைய தினம் நீங்களும் உடன் செல்லுங்கள்.