திமிங்கிலம் காணச் செல்வோர்க்கு

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஊருக்குப் போவது என்றே பொருள். பாட்டனையும் பாட்டியையும் கண்டு, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, உறவினர் திருமணம் ஒன்றிரண்டில் தலையைக் காட்டுவதற்குள் நாட்கள் தீர்ந்துவிடும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது வேறொன்று கேட்கின்றனர். திமிங்கிலத்தைப் படத்தில் பார்த்தது போதாது, கடலில் பார்க்க வேண்டும் என்கின்றனர். இது நியாயமான ஆசையே. உலகில் தோன்றிய உயிர்களுள் மிகப் பெரியது எனக் கருதப்படும் நீலத் திமிங்கிலத்தைக் காலையில் படகேறிச் சென்று நண்பகலுக்குள் கண்டு திரும்பக்கூடிய கடல்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நமக்கு அண்டையிலுள்ள இலங்கைக் கடல். தரைவழியில் நான்கைந்து நாள் சுற்றி, இடையே ஒரு காலைப்பொழுதைக் கடலுக்கு ஒதுக்குவது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது ஊர் அன்று, மாதம். இலங்கையின் தென்கடல் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். அப்போது மாத்தறைக்கு மேற்கேயுள்ள மிரிஸ்ஸத் துறைமுகத்திலிருந்து படகுகள் செல்லும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் அக்கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும். அதே வேளையில் கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடல் அடங்கி, ஆகஸ்டு வரை படகுக்கு இடம் தரும். தில்லிப் பள்ளிகளின் நீண்ட விடுமுறையோ மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை. ஆகவே கோடையில் செல்வோர் திருகோணமலைக்கே செல்ல வேண்டும். விளம்பரத்தில் மிரிஸ்ஸவின் படத்தைக் கண்டு ஜூன் மாதத்துக்கு அறை பதிவு செய்துவிட்டுக் கரையில் நின்று அலையைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. தீபாவளியை ஒட்டிய விடுமுறை இரு கரைக்கும் பொருந்தாது.

இக்கடலில் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு அருகே வருவதற்குக் காரணம் கடலடியின் அமைப்பு. தெற்கே கண்டத்திட்டு மிகக் குறுகியது. சற்றுத் தொலைவு சென்றதுமே தரை ஆழத்தில் இறங்கிவிடும். திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாயில்வரை வந்து நிற்கிறது. ஆழத்திலிருந்து மேலெழும் சத்து மிகுந்த நீரில் சிற்றுயிர்கள் பெருக, அவற்றை உண்ண நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. நீலத் திமிங்கிலங்களிற் பல உணவுக்கும் இனப்பெருக்கத்துக்குமாகத் துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே அலைபவை. இவையோ ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடற்பரப்பிலேயே தங்குவதை இலங்கை ஆராய்ச்சியாளர் ஆஷா டி வோஸ் உலகறியச் செய்தார்.

இனி வழியைக் காண்போம். விமானத்தில் கட்டுநாயக்கா வந்து இறங்குவோர்க்குத் திருகோணமலை ஏறத்தாழ 250 கி.மீ. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வழி செல்லும். ஒரே நாளில் ஓடிச் சேரலாம். ஆயினும் முதல் நாள் தம்புள்ளையில் தங்கி, குகைக் கோயிலையோ சிகிரியாக் குன்றையோ பார்த்துவிட்டு மறுநாள் செல்வதே முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. ஹபரணையைத் தாண்டிய காட்டுச் சாலையில் அந்திப் பொழுதில் யானைகள் குறுக்கே வரும். மாலை நான்கு மணிக்குள் திருகோணமலையை அடையுமாறு புறப்பட வேண்டும்.

விடுமுறையின் முற்பகுதியை ஊரில் கழிப்போர்க்கு வேறொரு வழி உண்டு; நமக்கு அதுவே உவப்பானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அது நிறுத்தப்படுவதுண்டு. ஆதலின் நாளைக் கேட்டறிந்தே சீட்டு வாங்குக. காரை அதில் ஏற்ற முடியாது. யாழ்ப்பாணத்தில் வண்டி அமர்த்திக்கொண்டு ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை செல்லலாம். ஏறத்தாழ 235 கி.மீ. வழியிற் பெரும்பகுதி தமிழிலேயே பேசி உணவு கேட்டுச் செல்லலாம். பல ஆண்டு வடநாட்டில் வாழ்ந்தவர்க்கு இது சிறிய இன்பமன்று.

குளிர்காலத்தில் தெற்கே செல்வோர்க்குக் கொழும்பிலிருந்து மிரிஸ்ஸ ஏறத்தாழ 150 கி.மீ. விரைவுச்சாலை வெலிகமவை ஒட்டிக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து சிறிது கிழக்கே சென்றால் தேவேந்திரமுனை, இலங்கையின் தென்கோடி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 என்று ஆண்டு பொறித்துக் கொண்டுவந்த கல் ஒன்றில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. காலியில் 1911இல் கிடைத்த அக்கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும் என்று நம்மை நெருக்கும் அதிகாரிகள் ஒருமுறை அதைப் பார்த்து வரலாம்.

அரசுப் பணியிலிருப்போர்க்கு இரு செய்திகள். விடுமுறைப் பயணச் சலுகை கடலைத் தாண்டாது. அயல்நாடு செல்ல அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்; கோப்பு நகரும் வேகத்தை நாம் அறிவோம், இரண்டு மாதம் முன்பே விண்ணப்பிக்கவும். இலங்கையில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் செல்கின்றனர். எனினும் நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே செல்லாது, தனி அனுமதி பெற வேண்டும். ஓட்டுநருடன் வண்டி அமர்த்துவதே கவலையற்ற வழி.

படகு காலை ஆறு மணியளவில் புறப்படும். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து செல்பவை சிறு படகுகள். மிரிஸ்ஸவில் மேல்தளமுள்ள பெரியவை. குமட்டலுக்கு அஞ்சுவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை முன்னரே உட்கொண்டு, இரண்டு இட்லிக்கு மேல் உண்ணாமல், படகின் நடுவில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது. முதலில் தெரிவது உடலன்று, மூச்சு. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நெடிய தூண்போல் நேரே எழும். எண்ணெய்த் திமிங்கிலத்தினுடையது தாழ்ந்து, முன்புறம் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இப்பெயர் அதன் தலையிலுள்ள எண்ணெயால் வந்தது. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து எழுதுவோர் வகுப்பறையில் ஆசிரியரை நாணச் செய்கின்றனர். அது மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது. நீலத் திமிங்கிலம் பெரும்பாலும் பத்து, இருபது நிமிடத்தில் எழும். காத்திருக்கத் தெரிய வேண்டும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. பணம் கொடுத்தவர் அருகே பார்க்க விரும்புகிறார். படகோட்டி அவரை மகிழ்விக்க விரட்டுகிறார். நாங்கள் சென்ற நாளில் நான்கு படகுகள் ஒரு திமிங்கிலத்தை மூன்று புறமும் சூழ்ந்தன. அது வாலை உயர்த்தி மூழ்கியது; பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. 100 மீட்டருக்குள் படகு நெருங்கலாகாது என்பது 2012ஆம் ஆண்டு இலங்கை விதி. விதி இருப்பது வேறு, கடலில் நடப்பது வேறு. தென்கடலில் இவ்வுயிர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு: உலகின் நெருக்கமிக்க கப்பற்பாதைகளுள் ஒன்று அவை மேயும் இடத்தின் ஊடே செல்கிறது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று 2022இல் தானாகவே தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. பெருங்கப்பல் விலகுமானால் சிறுபடகும் விலகலாம். பேரம் பேசும்போதே, “நெருங்க வேண்டாம் அண்ணே, தூரத்தில் எஞ்சினைக் குறைத்து நில்லுங்கள், அதுவே போதும்” என்று சொல்லிவிடுக. திருகோணமலையில் இதைத் தமிழிலேயே சொல்லலாம் என்பது நமக்கு வாய்த்த வசதி. அருகே போனால் கூடுதல் பணம் என்று மட்டும் எவரும் ஆசை காட்டலாகாது.

திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். முதல் நாள் காணாவிட்டால் இரண்டாம் நாள் மீண்டும் போகலாம். காற்று மிகுந்தால் படகைத் தவிர்க்கலாம். அந்த நாளும் பயனின்றிப் போகாது. கோணேசர் கோயில் நிற்கும் குன்றின் கீழேயே ஆழ்கடல் தொடங்குகிறது. அங்கிருந்து திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டோர் பலர். கடலுக்கு வர இயலாத பாட்டியையும் அங்கே அழைத்துச் செல்லலாம். காலை வழிபாடு முடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன், கிழக்குச் சுவரோரம் நின்று பார்க்க வேண்டும். பையில் தொலைநோக்கி ஒன்று இருக்கட்டும்.