ஆடையும் அளவுகோலும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



2017 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்து அரசின் தலைவி நிக்கோலா ஸ்டர்ஜனும் சந்தித்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிட்டன் விலகுவது அன்றைய பெரும் பிரச்சினை. மறுநாள் 'டெய்லி மெயில்' ஏடு தன் முதற் பக்கத்தில் ஆராய்ந்தது எதனை? அவ்விருவர் கால்களின் அழகை!

நம் நாட்டிலும் இவ்விழிவு உண்டு. 1995 ஜூன் 3ஆம் நாள் மாயாவதி உத்தரப்பிரதேச முதலமைச்சரானார். தலித் பெண்ணொருவர் இந்தியாவில் முதலமைச்சரானது அதுவே முதன்முறை. 2007இல் 403 இடங்களுள் 206இல் அவர் கட்சி வென்றது. ஆயினும் ஏடுகள் பல அவருடைய கைப்பையையும் காதணியையும் உடையின் நிறத்தையும் ஓயாது எழுதின. அரசுப் பணம் செலவான விதத்தைக் கேட்பது பத்திரிகையின் கடமை. கைப்பையை எள்ளுவது கடமையாகாது. ஆடவர் உடையைப் பற்றியும் சில வேளை எழுதுவர். ஆயின் அவர்தம் தகுதியை அதனால் அளப்பது அரிது.

ஆடை நமக்கு அற்பப் பொருளன்று. 1927 டிசம்பரில் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் நம் பெண்களிடம், மேல்சாதிப் பெண்களைப் போலவே கால்கள் மறையப் புடவை உடுத்துங்கள் என்றார். சாதியை உடையால் அடையாளம் காட்டிய வழக்கத்தை அப்பெண்கள் அங்கேயே உடைத்தெறிந்தனர். இவ்வாறு போராடிப் பெற்ற ஆடையைக் கொண்டே இன்று நம் பெண்களை இகழ்வதை நாம் பொறுத்தலாகாது.

பத்திரிகையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் மகளிர்க்குப் பாதி இடம் ஒதுக்க 2016இல் சட்டம் வந்தது. நம் சகோதரி ஊராட்சித் தலைவியாகி நல்ல புடவை கட்டினால் 'பகட்டு' என்கிறோம். பழம் புடவை கட்டினால் 'தலைவிக்குரிய தோற்றமில்லை' என்கிறோம். குடிநீர் வந்ததா, தெருவிளக்கு எரிகிறதா, கிராம சபையில் கணக்கு வாசிக்கப்பட்டதா என்று கேட்டோமா?

இளைஞர்களே! நம் படிப்பகத்தில் பெண் தலைவர் ஒருவரைப் பற்றிய செய்தியைப் படிக்குந்தோறும், 'இவர் செய்தது என்ன?' என்று வினவுங்கள். விடை அதில் இல்லையேல் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். நாளை அவ்விடத்தில் அமரப்போகும் நம் மாணவியர், உடையைப் பற்றிய அச்சமின்றி மேடை ஏறட்டும்.