கொடி விழுவதற்குள்

(குழந்தைகளுக்கான செஸ் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆனால் வாங்காத குழந்தைகளோடும், அவர்களுடைய அப்பா அம்மாக்களோடும்தான் இன்று எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

காலையிலிருந்து நடுவராக நின்று பார்த்தேன். ஆளுக்கு 25 நிமிஷம், இன்கிரிமென்ட் கிடையாது. ஜெயிக்க வேண்டிய மூன்று ஆட்டங்கள் கடிகாரத்தால் தோற்றன. அதில் ஒரு பெண் குழந்தை, வயது பத்து இருக்கலாம், ஒரு யானை அதிகமாக வைத்திருந்தாள். 12-ஆவது நகர்த்தலுக்கு மட்டும் ஏழு நிமிஷம் செலவழித்ததால் கடைசியில் கொடி விழுந்துவிட்டது. வெளியே வந்ததும், "ஏண்டி, சீக்கிரம் ஆடப்படாதோ?" என்று கேள்வி. குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டாள். அடுத்த சுற்றில் சீக்கிரமாகவே ஆடி, 18 நகர்த்தலுக்குள் ராணியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேகமாக ஆடு என்பதும், நிதானமாக ஆடு என்பதும் அந்தக் குழந்தைக்கு உதவாத புத்திமதிகள். எந்த இடத்தில் வேகம், எந்த இடத்தில் நிதானம் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

இது குழந்தைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டி நடந்ததே, நம் சென்னைப் பையன் குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும்! முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிஷம். 41-ஆவது நகர்த்தல் வரை இன்கிரிமென்ட் கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் டிங்கின் நிலை மோசமாகி, 37-ஆவது நகர்த்தலில் நேரமும் தீர்ந்தது. உலகச் சாம்பியனுக்கே அந்தக் கதி.

1883-இல் லண்டன் போட்டியில்தான் இரட்டைக் கடிகாரம் வந்தது. அதற்கு முன் ஒரே நகர்த்தலுக்கு மணிக்கணக்காக யோசித்து எதிராளியைத் தூங்கவைத்த மகானுபாவர்கள் உண்டு! ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை பெற்றார். உத்தியோகத்தில் இன்கிரிமென்ட் வருஷத்துக்கு ஒரு தடவை. இங்கே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உண்டு. அதையும் வீணடிக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். 90 நிமிஷமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் என்றால், 40 நகர்த்தலுக்கு மொத்தம் 110 நிமிஷம். சராசரி இரண்டே முக்கால் நிமிஷம். பாடம் பண்ணிய முதல் பத்து நகர்த்தலுக்கு அவ்வளவு தேவையில்லை. அங்கே மிச்சம் பிடித்ததை, சிப்பாய்களின் அமைப்பு மாறும் இடத்திலும், ராணிகளை வெட்டிக்கொள்ளலாமா என்று தீர்மானிக்கும் இடத்திலும் தாராளமாகச் செலவிடலாம். ஓர் ஆட்டத்தில் அப்படிப்பட்ட இடம் மூன்றோ நான்கோதான் வரும். அந்தக் குழந்தை ஏழு நிமிஷம் யோசித்தது அப்படிப்பட்ட இடத்தில் இல்லை. எந்த யானையை நடுவுக்குக் கொண்டுவருவது என்று! இரண்டுமே நல்ல நகர்த்தல்கள்தான்.

ரஷ்ய கிராண்ட் மாஸ்டர் கோடோவ் ஒரு வியாதியை வர்ணித்திருக்கிறார். இரண்டு நகர்த்தல்களை மாறி மாறி அரைமணி யோசிப்பது, பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, யோசிக்காத மூன்றாவதை ஆடிவிடுவது. நான் நடுவராக இருந்த போட்டிகளில் இதைப் பார்க்காத நாளே இல்லை. போட்வின்னிக் சொன்ன வைத்தியம் இன்னும் விசேஷம்: பயிற்சி ஆட்டங்களில் வெற்றி தோல்வியை மறந்து, கடிகாரத்தை மட்டும் கவனித்து ஆட வேண்டும். பழக்கம் படிந்த பிறகு போட்டிக்குப் போகலாம்.

ஆனந்தின் பெயரைச் சொல்லித்தான் பல பெற்றோர் குழந்தைகளை விரட்டுகிறார்கள். சிறுவயதில் அவர் மின்னல் வேகத்தில் ஆடியது வாஸ்தவம். ஆனால் அவர் பார்த்துவிட்டு ஆடினார். 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் சமநிலை முறிப்பு ஆட்டங்கள் நான்கு. ஆளுக்கு 25 நிமிஷம், நகர்த்தலுக்கு 10 விநாடி. இரண்டாவதில் கெல்ஃபாண்ட் நேரமில்லாமல் தவிக்க, ஆனந்த் ஜெயித்தார். மற்ற மூன்றும் டிரா. பட்டம் அந்த ஓர் ஆட்டத்தில் நின்றது.

நீண்ட ஆட்டங்களுக்குப் போகும் குழந்தைகள் ஸ்கோர் ஷீட்டில், ஐந்து நகர்த்தலுக்கு ஒரு தடவை மீதி நேரத்தையும் குறிக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பதும் விதி. இன்றைக்கு நாலு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கொடி விழுந்தாலும், எதிராளியிடம் எப்படி ஆடினாலும் மேட் பண்ண முடியாத காய்கள்தான் இருந்தால் அது டிரா. ஒரு பையன் இது தெரியாமல் கை குலுக்கப் போனான்; நல்லவேளை, பக்கத்தில் இருந்தேன்.

பெற்றோர்களே, வீட்டுக்குப் போனதும் "ஜெயிச்சியா?" என்பதை ஒத்திவைத்துவிட்டு, "எங்கே ரொம்ப யோசிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை காய்களை அடுக்கிக் காட்டும். அந்த யானைப் பெண்ணின் அப்பாவிடம் மத்தியானமே சொல்லிவிட்டேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறார். மற்றவர்களும் வரலாம், ஸ்கோர் ஷீட் மறக்க வேண்டாம்.