ஒரு கோழி, ஒரு சட்டி, ஆறு பேர்

(பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் கோழிக்கறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். அந்த வீட்டில் கோழிக்கறி. தொடை அப்பாவுக்கு, நெஞ்சுக்கறி பிள்ளைகளுக்கு, மிச்சம் பாட்டிக்கு. சமைத்த அம்மா கடைசியாக ரொட்டியால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டார். "உங்க பங்கு எங்கேம்மா?" என்று கேட்டோம். "எனக்குச் சாறு போதுங்க ஐயா" என்றார். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் குளிசை வாங்குகிறவரே அவர்தான்!

2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். 2022இல் மா விலை ஏறியபோது நம் வீட்டு ரொட்டி சுருங்கியதையும் மறக்க முடியாது.

ஆகவே, இருக்கிற கோழியை எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க ஒரு வழி சொல்கிறோம். கோழிக் குழம்பிலேயே மா உருண்டையை வேகவைப்பது. இது புதுசு இல்லை. தமிழ்நாட்டில் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இறைச்சிக் குழம்பில் அரிசிமா உருண்டை போட்டுத் 'தக்கடி' செய்வார்கள். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் கோழிக்கறியோடு 'பிடி' என்ற உருண்டை வைப்பார்கள். அமெரிக்காவிலும் கோழிச் சாற்றில் கோதுமை மா உருண்டை உண்டு. நமக்கு ரொட்டி மாவே போதும்.

ஒரு கிலோ கோழியை 18 துண்டாக வெட்டுங்க. ஆளுக்கு மூன்று. வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா ஆகியவற்றைத் தாளித்து, கோழியைப் போட்டுப் பிரட்டி, மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள் சேருங்க. ஆறு கோப்பைத் தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் வேகட்டும். நாட்டுக்கோழி என்றால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு உருளைக்கிழங்கும் கரட்டும் போடுங்க.

அரைக் கிலோ கோதுமை மாவில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்க. நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் பெருவிரலால் அமுக்கிப் பள்ளம் செய்யுங்க. அப்போதுதான் உள்ளேயும் வேகும்.

குழம்பு தளதளவென்று கொதிக்கும்போதுதான் உருண்டையை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கொதி அடங்கியிருந்தால் மா கரைந்து கூழாகிவிடும். ஐந்து நிமிடம் கரண்டியே போடாதீங்க. மூடி 15 நிமிடம் விட்டால் உருண்டை மேலே மிதந்து வரும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்க. நடுவில் பச்சை மா தெரியக் கூடாது. கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி. இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி.

ஒரே அடுப்பு, ஒரே சட்டி. விறகும் மிச்சம்.

இன்னும் இரண்டு விஷயம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீங்க. உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தேசிக்காய்ப் புளியோ, அந்தச் சத்துச் சேர உதவி செய்யும்.

அடுத்தது, சட்டியை இறக்கியதும் யாரும் சாப்பிட உட்காருமுன் ஆறு கோப்பையிலும் பங்கு வையுங்க. அம்மாவின் கோப்பையிலும் மூன்று துண்டு. அண்ணன்மார்களே, இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பெரட்டுக்குப் போய் மலை ஏறுவது அந்த அம்மாவும்தானே?

அடுத்த கூட்டத்தில் யார் வீட்டில் செய்தீர்கள் என்று கேட்போம். சட்டியைத் துடைத்தது யார் என்றும் கேட்போம்.