லாரி முதுகில் ஒட்டாதே தம்பி!
(பழவேற்காடு தெருமுனைக் கூட்ட உரையிலிருந்து)

என் மீனவச் சொந்தங்களே! விடியக்காலையில இறால், நண்டுப் பெட்டியைக் கட்டிக்கிட்டு பைக்கில் பொன்னேரி, மீஞ்சூர்னு கிளம்புறீங்க. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகத்து கன்டெய்னர் லாரிகள். பின்னாடியே ஒட்டிப் போனா எதிர்காத்து இல்லை, பெட்ரோல் மிச்சம்னு தம்பிகள் சொல்றாங்க. காத்து குறையுறது உண்மைதான். ஆனா 60 கிலோமீட்டர் வேகத்துல நொடிக்கு 16 மீட்டருக்கு மேல போறீங்க. லாரி பிரேக் அடிச்சா, உங்க கை பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிடும். முன்னால பள்ளம் தெரியாது, ஓட்டுநர் கண்ணாடியில நீங்களும் தெரிய மாட்டீங்க. ஐஸ் பெட்டி பாரம் வேற! கடல்ல கப்பல் பின்னாடி வலைப்படகை ஒட்டி விடுவோமா? லாரி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் மூணு எண்ணுங்க, அதுக்கப்புறம்தான் நீங்க அந்தக் கம்பத்துக்கு வரணும். பின்பக்கத் தடுப்புக் கம்பியும் சிவப்பு ஒளிப்பட்டையும் இல்லாத லாரிகளை அதிகாரிகள் துறைமுக வாசல்லயே நிறுத்தணும். அதைக் கேட்டு மனு கொடுக்கிறோம், கையெழுத்துப் போட வாங்க!