பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

(குளுவாங் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், மழைநாள் கூலி என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பாட்டரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். இதுவும் நம் பணத்தைத் தின்னும் விஷயந்தான்.

நம் கடைசி டிவிஷனில் மின்கம்பி எட்டாத லயத்து வீடுகள் சில இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கூரைமேல் சூரியத் தகடும், வீட்டினுள் ஈயப் பாட்டரியும் வைத்தார்கள். பதினான்கே மாதத்தில் நான்கு வீடுகளில் விளக்கு மங்கிவிட்டது. போய் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த தகடுகள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி, வெள்ளை பூத்துக் கிடந்தன. அதில் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று அந்த வீட்டாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரர் பார்ப்பார் என்று நிர்வாகம் இருந்தது. நிர்வாகம் பார்க்கும் என்று கடைக்காரர் இருந்தார். என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். சாமான் வந்திறங்கிய அன்று ரசீதில் கையெழுத்திட்டவன் நான். உடன் வந்த குறிப்புத் தாளைப் படிக்காமல் பைலில் செருகியவனும் நான்தான்.

ஈயப் பாட்டரி புதுச் சரக்கல்ல. 1859-ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் செய்து காட்டியது. ஈயத் தகடும் ஈய ஆக்சைடுத் தகடும், நடுவே தண்ணீர் கலந்த கந்தகத் திராவகமும் அவ்வளவுதான். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12. மின்சாரத்தை எடுக்க எடுக்க, திராவகத்தின் சத்து தகட்டில் ஈய சல்பேட்டாகப் படிகிறது. வெயில் வந்து சார்ஜ் ஏறினால் அது மறுபடி கரைகிறது. ஏறாமல் நாட்கணக்கில் காலியாகக் கிடந்தாலோ, படிந்தது இறுகிக் கல்லாகிவிடும். பிறகு எந்த வெயிலுக்கும் அது கரையாது.

பால்மரம் வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இன்றைக்குப் பால் அதிகம் வேண்டுமென்று கத்தியை ஆழ இறக்கிக் கட்டையில் காயம் பண்ணினால், அந்த மரத்தின் பட்டை நாளை என்னவாகும்? பாட்டரியிலும் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. பாதி என்றால் 600. 7 வாட் விளக்கு மூன்றை ஐந்து மணி நேரம் எரித்தால் 105. 20 வாட் சிறு விசிறி எட்டு மணிக்கு 160. 30 வாட் டெலிவிஷன் மூன்று மணிக்கு 90. ஆக 355. வெயில் நாளில் இது போதும். ஆனால் நம் ஜொகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. சேர்ந்தாற்போல இரண்டு நாள் வெயில் வராவிட்டால் செலவு 710 ஆகிவிடும். அப்போது டெலிவிஷனையும் விசிறியையும் நிறுத்திப் பிள்ளைகள் படிக்கும் விளக்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சோறு வடிக்கும் மின்சாரச் சட்டியை இதில் மாட்டுவதென்ற பேச்சே வேண்டாம்.

பாட்டரியின் நிலையை அறிவது எப்படி? விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரண்டொரு மணி நேரம் சார்ஜும் ஏறாமல் ஓய்வாக விட்டு அளந்தால், நிறைந்த பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு வந்தால் பாதி போயிற்று. இதைவிட நம்பகமானது திராவகத்தின் அடர்த்தியைப் பார்க்கும் மிதவைக் குழல். பால் ஸ்டோரில் மெட்ரோலாக் பார்த்தவர்களுக்கு இது பழகிய சாமான்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பால் கெட்டியாக இருந்தால் மெட்ரோலாக் ஆழ இறங்கும், இதிலோ திராவகம் கெட்டியாக இருந்தால் குழல் மேலே மிதக்கும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து காட்டினால், அந்த அறையில்தான் நோய்.

இனித் தண்ணீர். சார்ஜ் நிறையும் சமயத்தில் தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகிறது, திராவகம் போவதில்லை. ஆகவே காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். திராவகம் ஊற்றவே கூடாது. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கடையில் விற்கும் தாதுநீரும் ஆகா. அவற்றிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றுங்கள். முன்னால் நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே கொஞ்சம் ஊற்றலாம். நம் ஊர் வெப்பத்தில் மாதம் ஒருமுறை பார்ப்பது அவசியம். பாட்டரி உஷ்ணத்துக்குப் பயந்த பண்டம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பார்கள். தகரக் கூரையை ஒட்டி வைக்காதீர்கள்.

படுக்கும் அறையிலும் வேண்டாம். பிரிந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது; காற்றோட்டமில்லாத இடத்தில் சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். பக்கத்தில் சுருட்டும் சாமி விளக்கும் ஆகாது. முறுக்காணியைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். திராவகம் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பால் உறையவிடும் திராவகத்தில் பழகிய கைதானே என்ற அலட்சியம் இங்கே செல்லாது.

மலிவென்று காடிப் பாட்டரி வாங்குவோர் உண்டு. அது மெல்லிய தகடு. வண்டியைக் கிளப்ப ஒரு கணம் பலம் கொடுக்கச் செய்தது. இரவெல்லாம் விளக்கெரித்தால் சீக்கிரம் செத்துவிடும். தண்ணீரே கேட்காத லித்தியம் பாட்டரி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் இருப்பது ஈயம். அதை ஏளனம் செய்யவும் வேண்டாம். வங்காள தேசத்தில் 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய வெளிச்சம் வந்தது இப்படிப்பட்ட ஈயப் பாட்டரியை நம்பித்தான்.

செத்த பாட்டரியை என்ன செய்கிறோம்? இரும்புக் கடைக்காரன் காசு கொடுக்கிறான் என்று லயத்துப் பின்னால் உடைத்து ஈயம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் செனிகல் நாட்டுத் தக்கார் நகரின் ஓரத்தில், 2007, 2008-ஆம் ஆண்டுகளில், பழைய பாட்டரி உடைத்த மண்ணிலிருந்து வந்த ஈய விஷத்தால் 18 குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஈயப் பாட்டரி எஸ்.டபிள்யூ. 102 என்று பட்டியலிட்ட அபாயக் கழிவு. உரிமம் பெற்றவரிடந்தான் அது போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இனி வீட்டுக்காரர்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்று நிர்வாகம் சொல்லுமானால் அதை நாம் ஏற்கலாகாது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், தண்ணீரோடு போதிய மின்சாரமும் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. பாட்டரி செத்துக் கிடக்கும் வீட்டில் போதிய மின்சாரம் எங்கே?

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை முன்வைக்கிறேன்: வடித்த நீரும் ஒரு மிதவைக் குழலும் தோட்டச் செலவில் வாங்க வேண்டும், மாதம் அரை நாள் கூலி கொடுத்து ஒரு தொழிலாளியைப் பழக்கி, எல்லாப் பாட்டரிகளையும் பார்க்கச் செய்ய வேண்டும், பழையவற்றை நிர்வாகமே திரும்ப எடுத்து முறைப்படி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வீடு கணக்கெழுதும் புத்தகத்தை நான் சம்பளமில்லாமல் எழுதித் தருகிறேன். அந்தக் குறிப்புத் தாளையும் பைலிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதிவிட்டேன்; பிரதிகள் வாசலில் இருக்கின்றன.