இலைமேல் நுரைக்கூடு

கூடலூரிலிருந்து ஓவேலிக்குச் செல்லும் மலைப்பகுதியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், குட்டைகளின் மேல் சாய்ந்த கிளைகளில் வெண்ணிற நுரைக்கட்டிகள் தொங்கக் காணலாம். யாரோ சவர்க்கார நுரையை அப்பிவிட்டுச் சென்றார்களோ என்று தோன்றும். அது மலபார்ப் பறக்கும் தவளையின் கூடு. ஜெர்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வினத்தை 1870-இல் விவரித்தார்.

நேயர்களே, அக்கூட்டின் கதை மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இணை இணையாக உள்ளன. இனவணுக்களும் அவ்வாறே இருப்பின், தலைமுறைதோறும் அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கும் அன்றோ? ஆகவே குன்றல் பகுப்பினால் அது பாதியாகிறது. ஆணில் ஓர் அணுவிலிருந்து நான்கு விந்தணுக்கள் உண்டாகின்றன. பெண்ணிலோ ஒரே முட்டைதான். உணவு முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டு, எஞ்சியவை சிறு துணுக்குகளாகக் கழிக்கப்படுகின்றன. சிக்கனமான இல்லத்தரசியின் கணக்கு! தவளை முட்டையில் இரண்டாம் பகுப்பு பாதியில் நின்று, விந்து நுழைந்த பின்னரே நிறைவுறும்.

பெண் தவளை சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்குகிறது. முதுகில் பற்றியிருக்கும் ஆண், வெளிவரும் முட்டைகளின் மீது விந்தைச் சொரிகிறது. ஒரு விந்தணு நுழைந்ததும் முட்டை மற்றவற்றுக்குக் கதவடைத்துவிடும்.

பின்னர் முட்டை இரண்டாக, நான்காகப் பிளவுபடும். தவளைக் கருவில் மூன்றாம் பிளவு குறுக்கே, நடுவுக்குச் சற்று மேலாக விழுகிறது. அடியிலுள்ள கனமான மஞ்சட்கரு பிளவுக்குத் தடையாதலின், மேலே சிற்றணுக்களும் கீழே பேரணுக்களும் அமைகின்றன. உள்ளே வெற்றிடம் கொண்ட கருக்கோளம் உருவாகி, பின் உட்புறம் மடிந்து மூன்று அடுக்குகளாகும். வெளியடுக்கிலிருந்து தோலும் மூளையும், நடுவடுக்கிலிருந்து தசையும் குருதியும், உள்ளடுக்கிலிருந்து குடலும் தோன்றும்.

இத்தனையும் நுரையின் ஈரத்திலேயே நடைபெற வேண்டும். மழை இடையில் நின்று நுரை முற்றிலும் உலர்ந்தால் கரு மடியும். உலராவிடினும், நுரை கரைந்து விழும் தலைப்பிரட்டைகளுக்குக் கீழே நீர் வேண்டுமே! குட்டையை வடித்து நிலமாக்கிய இடத்தில் அவை சேற்றில்தான் விழும்.

இம்மலைகளின் சின்னஞ்சிறு புதர்த்தவளைகள் குட்டையையே நாடுவதில்லை. அவற்றின் முட்டையில் மஞ்சட்கரு மிகுதி. தலைப்பிரட்டைப் பருவமின்றி, முழுத் தவளைக்குஞ்சே வெளிவருகிறது. ஆயினும் இலையடியிலோ சருகிலோ கிடக்கும் அம்முட்டைக்கும் நிழலும் ஈரமும் இன்றியமையாதவை.